ஹெட்ஃபோன் வாங்கப் போறீங்களா?

"மச்சி, எந்த ஹெட்ஃபோன் வாங்கலாம்?"னு கேக்கிறவங்ககிட்ட நான் திருப்பிக் கேக்கிறது ஒண்ணுதான்: எங்க உக்காந்து கேப்பே?

காதை முழுசா மூடுற பெரிய ஹெட்ஃபோன்ல ரெண்டு வகை. பின்பக்கம் திறந்தது, மூடினது. திறந்ததுல வயலின், கோரஸ் எல்லாம் தனித்தனியா, விசாலமா கேக்கும். ஆனா உங்க பாட்டு பக்கத்துக் கட்டில்காரனுக்கும் கேக்கும், அவன் குறட்டை உங்களுக்கும் கேக்கும் :) ஹாஸ்டல், பஸ்னா மூடினதுதான்.

அடுத்து ஓம் கணக்கு. 1997ல வந்த சென்ஹைசர் எச்.டி. 600ஐ இன்னிக்கும் கொண்டாடுறாங்க. ஆனா அது 300 ஓம். நிறைய போன்ல சத்தம் பத்தாது, ஆம்ப்ளிஃபயர் வேணும். அந்தக் காசையும் சேத்துதான் அதோட விலை. ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் 38 ஓம்தான், மூடின வகை, போன்லயே நல்லாப் பாடும். மெஸ் பில் போக மிஞ்சுறதுல வாங்குற என்னை மாதிரி ஆளுக்கு இந்த வகைதான் கட்டுப்படியாகும்.

என்னை மாதிரி கண்ணாடி போடுறவங்க கண்ணாடியோடயே மாட்டிப் பாருங்க. குஷனுக்கும் காதுக்கும் நடுவுல இடைவெளி விழுந்தா பேஸ் குறைஞ்சிடும்.

கடைசியா, விலையை விட முக்கியமானது. பஸ் இரைச்சலை அமுக்க நாமளே வால்யூமை ஏத்துவோம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 ஆனா வெறும் 4 மணி நேரம்தான்! வெளிச்சத்தம் உள்ள வராத ஹெட்ஃபோன்னா குறைச்சலா வச்சே கேக்கலாம். ஹெட்ஃபோன் போனா அடுத்த வருஷம் வாங்கிக்கலாம், காதை எந்தக் கடையில வாங்குறது?