பரிசலின் மேலுறையும் மலிவின் கணக்கும்

சட்டகத்தின் மேல் தோல் போர்த்திச் செய்யப்படும் படகுகளில் பளுவைத் தாங்கும் வேலை சட்டகத்துக்கும் நீரைத் தடுக்கும் வேலை மேலுறைக்கும் உரியவை. கிரீன்லாந்து வேட்டைக்காரர்களின் கயாக், அயர்லாந்து மேற்குக் கடற்கரையின் கரக், காவிரியின் பரிசல் ஆகிய மூன்றும் வடிவில் வேறுபட்டாலும் இந்த வேலைப் பிரிவினையால் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. பளுவைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் மேலுறை மெல்லியதாகவும் விலை குறைந்ததாகவும் இருக்க முடிகிறது. வீட்டு முற்றத்திலேயே படகு கட்ட முனைவோரை இவ்வகைப் படகுகள் ஈர்ப்பதும் இதனால்தான். எனினும் குறைந்த விலைக்குக் கிடைக்கும் விரிப்பெல்லாம் மலிவான மேலுறை ஆகிவிடுவதில்லை என்பதை, பரிசலை நம்பிப் பிழைப்போர் வாழும் ஒகேனக்கல்லில் தெளிவாகக் காணலாம்.

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில், காவிரி பாறைகளுக்கிடையே பல கிளைகளாகப் பிரிந்து விழும் இவ்வூரில், பரிசல் கட்டுவதற்குச் சமதளமான தரையும் கத்தியும் சில கனத்த கற்களும் போதுமானவை. மூங்கிலை நீளவாக்கில் பிளந்தெடுக்கும் தப்பைகளைக் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாகக் கோத்து, நடுவில் அறுகோணக் கண்கள் விழும்படி அடித்தளத்தைப் பின்னியபின், அதன்மேல் கற்களை ஏற்றி அழுத்தி, வெளியே நீளும் முனைகளை மேல்நோக்கி வளைத்து, விளிம்பைத் தடித்த வளையமாக முடைந்து முடிக்கின்றனர். கைதேர்ந்தவர் ஒரே நாளில் கட்டி முடித்துவிடக்கூடிய இக்கூட்டில் ஆணிக்கு வேலையில்லை. பாறையில் மோதும்போது அது நெளிந்து கொடுக்கிறது. ஆகவே, அதைப் போர்த்தும் பொருளும் உடன் நெளிய வேண்டும் என்பது மேலுறைத் தேர்வின் முதல் நிபந்தனையாகிறது.

இந்த நிபந்தனையை நெடுங்காலம் நிறைவேற்றியது மாட்டுத்தோல். 1520 வாக்கில் விஜயநகரத்துக்கு வந்த போர்ச்சுகீசியப் பயணி தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையைக் கடக்க மக்கள் பயன்படுத்திய, தோல் போர்த்திய வட்டக் கூடைப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். அவை பதினைந்து, இருபது பேரைச் சுமந்ததாக அவர் குறிப்பிடுகிறார். ஈரத்தோலைக் கூட்டின்மேல் இழுத்துக் கட்டினால் உலரும்போது தானே சுருங்கி இறுகும். கயாக்குக்குச் சீல் தோலை ஈரமாகவே வைத்துத் தைப்பதும் இக்காரணம் பற்றியே. ஆனால் தொடர்ந்து நனைந்தே கிடக்கும் தோல் அழுகும் என்பதால், படகைக் கரையேற்றிக் கவிழ்த்து உலர்த்துவது அன்றாடக் கடமையாகிறது. விலை உயர்ந்தபின் தோலை மாற்றுவதும் எளிதாக இல்லை.

இன்று அதன் இடத்தை, உரச்சாக்கைப் போல நெய்யப்பட்ட பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் பூசும் தாரும் பிடித்துள்ளன. 2.2 மீட்டர் விட்டமும் 0.6 மீட்டர் ஆழமும் கொண்ட பரிசலுக்கு, விளிம்பில் மடித்துக் கட்டும் அளவையும் சேர்த்தால், பக்கத்துக்குச் சுமார் 3.7 மீட்டர் கொண்ட சதுர விரிப்பு வேண்டும். சாக்குகளைப் பிரித்துத் தைத்தே இந்த அளவைப் பெற்றுவிடலாம். நெய்த பிளாஸ்டிக் தோலைப் போலச் சுருங்காததால் விளிம்பருகே மடிப்புகள் விழுகின்றன, இழைகளின் இடைவெளியில் நீரும் கசியும். இந்த இரண்டாம் குறையைத் தார் தீர்க்கிறது. தாரைக் காய்ச்சுவதில்தான் தொழிலாளியின் பக்குவம் வெளிப்படுகிறது: சாக்கு நெய்யப் பயன்படும் பாலிஎத்திலீன் 130 பாகை செல்சியஸ் அளவிலும் பாலிப்ரொப்பிலீன் 160 பாகையை ஒட்டியும் உருகிவிடும் என்பதால், கொதிக்கும் தாரை அப்படியே ஊற்றினால் விரிப்பு பொத்தலாகும், ஆறவிட்டாலோ தார் இழைகளுக்குள் இறங்காது. வழவழப்பான பாலித்தீன் தாளில் தார் சரியாகப் பற்றுவதில்லை. நெசவின் மேடுபள்ளத்தில் அது கோத்துக்கொள்கிறது. வெயிலில் எளிதில் நொறுங்கும் பிளாஸ்டிக்கைப் புற ஊதாக் கதிரிலிருந்து இக்கரிய பூச்சு காப்பதும் கூடுதல் பயன். ஈராக்கின் டைகிரிஸ் ஆற்றில் ஓடிய குஃபா என்னும் வட்டப் படகில், புல்லால் சுருட்டிப் பின்னிய கூடைக்கு நிலக்கீலே நேரடியாக மேலுறையாக அமைந்தது என்பதை நோக்கும்போது, தாரை வெறும் பூச்சாகக் கருதாமல் மேலுறையின் பாதியாகக் கொள்வதே பொருந்தும்.

பிற இடங்களில் இதே தேர்வு வேறு விடைகளைத் தந்துள்ளது. கரக் கட்டுவோர் தோலை விட்டுத் தார் பூசிய கித்தானுக்கு மாறினர். கித்தான் எனப்படும் தடித்த பருத்தித் துணி வண்ணப்பூச்சையும் நன்கு உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் ஈரத்தில் மக்கும். இக்காலத்தில் கயாக் கட்டுவோர் நாடும் நைலான், உராய்வைத் தாங்குவதில் சிறந்ததாயினும் நீரை உறிஞ்சித் தொய்வடையும்; பாலியெஸ்டரை இஸ்திரிப்பெட்டியின் சூட்டால் சுருக்கி இறுக்கலாம், அது நனைந்தாலும் தளராது. பிவிசி பூசிய தார்ப்பாய்க்குத் தனிப்பூச்சு வேண்டாம். ஆனால் கனம் மிகுதி, ஒட்டுப்போட அதற்கேற்ற பசையும் வேண்டும். ஒடுங்கிய உடலுடன் நீரைக் கிழித்துச் செல்லும் கயாக்குக்கு மேலுறையின் தொய்வு வேகத்தைக் குறைக்கும் குற்றம். ஒரே துடுப்பால் சுழன்று நகரும் பரிசலுக்கு மடிப்பும் சுருக்கமும் பெரிய பொருட்டல்ல. கயாக்குக்கு ஆகாத சாக்கு பரிசலுக்கு ஆவது இதனால்தான்.

ஒகேனக்கல்லில் இத்தேர்வை உறுதி செய்வது பாறை. அடித்தளம் பக்கச்சுவராக வளையும் இடத்தில்தான் மேலுறை முதலில் தேய்கிறது. அங்கே ஒரு சாக்குத்துண்டை வைத்துத் தாரால் ஒட்டினால் பரிசல் மீண்டும் நீரிலிறங்கும், இதற்கான பொருள்கள் உள்ளூரிலேயே கிடைக்கும். கண்ணாடியிழைப் பரிசல் பல ஆண்டு உழைக்கும், அழுகாது. மீன்பிடிக்கும் அணைநீர்ப் பரப்பில் அது சிக்கனமானதே. ஆனால் அதன் உடல் நெளியாமல் விரிசல் விடுவதால், செப்பனிட ரெசினும் அதை இறுகச் செய்யும் வேதிப்பொருளும் வாங்கியாக வேண்டும். நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத்துக்குத் தடை விதிக்கிறது. அந்நாள்களில் வருமானமற்றுப் போகும் பரிசலோட்டிக்கு, காசு செலவழித்துச் செய்யும் பழுதைவிடத் தன் உழைப்பாலேயே முடியும் பழுது தாங்கக்கூடியது.

எனவே, வீட்டில் படகு கட்டுவோர் துணியின் மீட்டர் விலையை ஒப்பிடுவதற்கு முன், அப்படகு எங்கே உரசும், கிழிசலை எதைக் கொண்டு ஒட்டுவது, அதை ஒட்டும் கை யாருடையது என்னும் மூன்றையும் முடிவு செய்துகொள்வது நல்லது. அசையாத நீரில் வேகத்தை நாடுபவருக்குப் பாலியெஸ்டரின் கூடுதல் விலை தகும்; பாறை நிறைந்த ஆற்றில் சாக்கும் தாரும் அதைவிடக் குறைந்த செலவில் அதிக நாள் படகை ஓட்டித் தரும்.