வானமே கூரையாக

திருச்சிராப்பள்ளிச் சந்திப்பிலிருந்து தஞ்சை மார்க்கமாகச் செல்லும் வண்டி முதன்முதலில் நிற்கும் பொன்மலையை, நாகப்பட்டினத்திலிருந்து பெயர்ந்து 1928ஆம் ஆண்டில் இங்கே வந்தமர்ந்த ரயில்வே பணிமனையைக் கொண்டே பலரும் அறிவர். ஆயினும் ஊருக்குப் பெயர் தந்த அந்தப் பாறைக்குன்று, 1753ல் ஆங்கிலேயர் படை பிரெஞ்சு, மைசூர்ப் படைகளோடு பொருது கைப்பற்றிய ரணகளமாகும்.

பழங்கால நிகழ்வின் நினைவைத் தாங்கி நிற்கும் அக்குன்றை நோக்கும்போதெல்லாம் எனக்கு அயர்லாந்து தேசத்து வட்டக்கோட்டைகள் நினைவுக்கு வரும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு குடியானவர்கள் மண்கரை எழுப்பி, மாடு கன்றுகளோடு வாழ்ந்த அவ்வளாகங்களில் அணங்குகள் உறைகின்றன என்றும், அங்குள்ள முள்மரத்தை வெட்டியவன் குடி விளங்காது என்றும் அந்நாட்டு உழவர் அஞ்சினர். ஏர் படாமல் அவர்கள் ஒதுக்கிவிட்டமையாலேயே நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றளவும் எஞ்சியிருக்கின்றன. பயம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதற்குள் எத்தனை பக்தி அடங்கியிருக்கிறது!

பொன்மலைக்கு வடமேற்கே, சோழர் தலைநகராய்த் திகழ்ந்த உறையூரிலும் அத்தகைய பக்தியைக் காணலாம். சாரமா முனிவர் செவ்வந்தி மலர் வளர்த்த நந்தவனத்தில் அரசனுக்காகப் பூத்திருடியவனை அரசன் தண்டியாது விடவே, முனிவர் முறையீட்டைக் கேட்ட மலைக்கோட்டைச் சிவபெருமான் மேற்கே உறையூரை நோக்கித் திரும்பினார் என்றும், மண்மாரி பொழிந்து நகரம் புதைந்தது என்றும், வீடிழந்த மக்கள் வெக்காளியம்மனிடம் அடைக்கலம் புகுந்தனர் என்றும் தலபுராணம் கூறும். எல்லார்க்கும் வீடு அமையும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்றிருக்கும் அத்தாய், இன்றும் வெயிலிலும் மழையிலும் திறந்த கருவறையிலேயே வீற்றிருக்கிறாள். குறைகளைக் காகிதத்தில் எழுதிச் சூலத்தில் கட்டுவோர் நாள்தோறும் வருகின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1960களில் அகழ்ந்து பழைய நகரத்தின் சுவடுகளைக் கண்டனர். ஆனால் புதைந்த நகரொன்று தங்கள் காலடியில் கிடக்கிறது என்பதை அந்தக் கூரையற்ற சந்நிதியில் நின்ற பாமரர் அதற்கு முன்பே அறிந்திருந்தனர்.

பொன்மலையிலும் மக்கள் வெறும் மண்ணாகக் கருதாத இடம் ஒன்றுண்டு. 1946 செப்டம்பர் 5ல், வேலைநிறுத்தக் காலத்தில், போலீசாரின் துப்பாக்கிக்கு ஐந்து தொழிலாளர்கள் பலியான சங்கத் திடல் அது. அங்கே அணங்கில்லை, சாபமில்லை. ஆயினும் ஆண்டுதோறும் அந்நாளில் தொழிலாளர்கள் அங்கே கூடி, மாண்ட ஐவர்க்கும் அஞ்சலி செலுத்துகின்றனர்.