ஆயில் சீலை மாற்றினால் மட்டும் போதுமா?

சென்னை புதுப்பேட்டையிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறைகளைப் பார்த்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. கசியும் கியர்பாக்ஸுக்கு ஆயில் சீல் மாற்றும் வேலையில், சீலை மாற்றுவதுதான் மிகச் சிறிய பகுதி. ஏன் கசிந்தது என்று கண்டுபிடிப்பதே தொழில். அதற்குக் கூலி கொடுக்கத்தான் நாம் தயங்குகிறோம். அம்பாசடர் காரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்த இந்தக் காரின் உற்பத்தி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் 2014இல் நின்றுபோனது. மிஞ்சிய வண்டிகள் ஓடுவது பழைய உதிரிபாகக் கடைகளையும் மெக்கானிக்குகளின் கைத்திறனையும் நம்பித்தான்.

ஆயில் சீல் என்பது இரும்பு வளையத்தில் பதித்த ரப்பர் உதடு. அதன் பின்னால் உள்ள மெல்லிய சுருள் கம்பி, சுழலும் ஷாஃப்ட்டின் மேல் அந்த உதட்டை அழுத்திப் பிடிக்கிறது. ஆண்டுக்கணக்கில் வண்டி ஓடாமல் நின்றாலே ரப்பர் இறுகிவிடும். ஆனால் கசிவுக்கு அது ஒன்றே காரணமல்ல. தேர்ந்த மெக்கானிக் முதலில் கியர்பாக்ஸைக் கழுவித் துடைத்து, வண்டியைச் சிறிது ஓட்டிவிட்டு வந்து அடியில் படுத்துப் பார்க்கிறார். முன்னால் கசியும் எஞ்சின் ஆயில் காற்றில் பின்னோக்கி வந்து கியர்பாக்ஸை நனைத்திருக்கலாம். கந்தக நெடி அடித்தால் அது கியர் ஆயிலாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டுகிறார். ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால் அது ஆடும். ஆடும் ஷாஃப்ட்டில் எந்த சீலும் நிலைக்காது. சீல் உட்காரும் இடத்தில் நகத்தை ஓட்டுகிறார். நகம் தடுக்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்ற வேண்டும். கடைசியாக, கியர்பாக்ஸின் காற்று வெளியேறும் ப்ரீதர் துளையைப் பார்க்கிறார். அது அடைபட்டால், சூட்டில் விரியும் காற்று வேறு வழியின்றி ஆயிலை சீல் வழியே தள்ளிவிடும்.

பொருத்துவதிலும் கவனம் வேண்டும். மோரிஸ் வழி வந்த வண்டி அங்குல அளவில் பிறந்தது. இன்று கடையில் எளிதாகக் கிடைப்பவை மில்லிமீட்டர் சீல்கள். இரண்டு அங்குலக் குழி என்றால் 50.8 மி.மீ. அதில் 50 மி.மீ. சீல் தளர்ந்து நிற்கும், 52 மி.மீ. சீல் நுழையாது. அளவு சரியாகக் கிடைத்தபின் உதடு ஆயில் பக்கம் பார்க்க வேண்டும், அதில் கிரீஸ் தடவ வேண்டும், கோணாமல் ஒரே சீராக உள்ளே இறக்க வேண்டும். உலர்ந்த உதடு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடலாம்.

பழைய வண்டி என்றால் சொட்டத்தான் செய்யும், அவ்வப்போது ஆயில் ஊற்றினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் கியர்பாக்ஸ்கள் சிலவற்றில் முன்புறம் சீலே கிடையாது; ஆயிலைத் திருப்பி அனுப்பும் திருகுப் பள்ளம் மட்டும்தான். அங்கே லேசான ஈரம் இயல்பு. சொட்டுவது அப்படியல்ல. முன்பக்கக் கசிவு கிளட்ச் பிளேட்டை நனைத்து வழுக்க வைக்கும். ஆயில் குறைந்தால் பேரிங்கும் பல்சக்கரமும் தேயும். உற்பத்தி நின்ற வண்டிக்கு அவற்றைத் தேடி அலைய வேண்டும். சாலையில் சிந்தும் ஆயில் பின்னால் வரும் இருசக்கர வாகனத்தைச் சறுக்க வைக்கும். ரப்பரை உப்ப வைக்கும் திரவம் ஊற்றலாமே என்றால், அது இறுகிய சீலைக் கொஞ்ச காலம் இளக்கும். ஷாஃப்ட்டின் பள்ளத்தை நிரப்பாது. சீலின் விலையைவிடக் கூலி பல மடங்கு என்பது இன்னொரு குறை. முன்சீலுக்காக கியர்பாக்ஸையே இறக்க வேண்டியிருப்பதால் அது உண்மைதான். ஆனால் காரணம் தெரியாமல் புது சீல் போட்டால், அதே கூலியை மறுபடி கொடுக்க நேரும்.

எனவே பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். கழற்றிய சீலையும் ஷாஃப்ட்டையும் காட்டச் சொல்லுங்கள், கசிந்த காரணத்தைக் கேளுங்கள். அதைக் கண்டுபிடிக்க அவர் செலவிட்ட நேரத்துக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள்.