முதுகின் தீர்ப்பு

எங்கள் பாசிர் கூடாங் பந்தயத் தடத்தில் 1998ஆம் ஆண்டு மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடைபெற்றது. அதனாலோ என்னவோ, வண்டி வாங்கப்போகிறேன் என்றதும் முன்னாள் மாணவர் ஒருவர் விரைவைப் பற்றியே பேசினார். எனக்கோ ஐம்பதைக் கடந்த முதுகு. ஈப்போவில் தனித்திருக்கும் தாயார். இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நெடுஞ்சாலை.

பந்தய வண்டியில் உடல் குனிந்து, பாரம் மணிக்கட்டில் விழும். குரூசரில் நிமிர்ந்து அமர்ந்து காலை முன்னே நீட்டலாம். கடையில் இரண்டு நிமிடம் அமர்ந்தபோது அஃது அரியணையாகவே தோன்றிற்று. நண்பரின் குரூசரைக் கோத்தா திங்கிவரை ஓட்டிய பின்னரே உண்மை விளங்கிற்று. கால் மிகவும் நீண்டால் உடற்பாரம் முழுவதும் வாலெலும்பில் இறங்குகிறது. குழி வந்தால் மிதியை ஊன்றிச் சற்றே எழவும் இயலாது. நீண்ட வண்டி நேர்சாலையில் அசையாது செல்லும். செம்பனைத் தோட்ட வளைவுகளில் தயங்கித்தான் திரும்பும்.

மிதிகள் அளவாகவே முன்தள்ளிய ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 பிடித்திருந்தது. இருக்கை உயரம் 765 மில்லிமீட்டர்; என் குட்டைக் கால்கள் தரையில் நன்கு ஊன்றின. எடையோ 191 கிலோ. கையால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், மூச்சு வாங்கிற்று. அதை என் துணைவியார் பார்த்துவிட்டார்!

இன்னொரு தடை: பயிற்சிக் கல்லூரி நாளில் பெற்ற என் பி2 உரிமம் 250 சி.சி. வரைதான் செல்லும். மாணவரைத் தேர்வுக்கு அனுப்பியே பழகியவன், இப்போது நானே விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பேருந்தில்தான் வருவேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.