மேலே கூரை, கீழே வாய்க்கால்

நவம்பர் 29, குளுவாங்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. இனி மார்ச் வரை வானத்தை நம்ப முடியாது. கொல்லையில் மிளகாய் பூத்திருக்கிறது, தக்காளி நாற்று நடவுக்குத் தயார். மலேசிய வானிலை ஆய்வுத் துறையான மெட்மலேசியாவோ தொடர்மழை எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

இரவு உதகையிலிருந்து மச்சான் பேசினார். "வானம் தெளிஞ்சு காத்தும் அடங்கிட்டா, அன்னிக்கு உறைபனிதான் மாப்பிள்ளை" என்றார். மண்ணில் இருக்கும் சூடு மேகம் இல்லாத இரவில் மேலே போய்விடுகிறது. அதனால் அங்கே மாலையிலேயே பாத்தியை மூடுகிறார்கள். மூடாத செடிகளுக்கு விடியலில், வெயில் படும் முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள். அவருக்குத் தெளிந்த வானம் பகை, எனக்கு இருண்ட வானம்.

டிசம்பர் 4

பாத்திக்கு மேல் குழாய்களை வளைத்து நட்டு, பிளாஸ்டிக் தாளில் கூரை போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த பக்கத்து வீட்டு மாச்சிக் (மலாய் அத்தை), "கூரை சரி, அதில் விழுகிற தண்ணீர் எங்கே போகும்?" என்று மலாயில் கேட்டார்.

டிசம்பர் 6

மாச்சிக் கேட்டது நியாயம். மண்ணின் இண்டு இடுக்குகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. தண்ணீரில் நின்றபடியே செடி வாடும். மிளகாய்தான் முதலில் தலை தொங்கும். வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு.

பாத்தியை ஓரடி உயர்த்தி, வாய்க்காலை லோங்காங் (வடிகால்) பக்கம் சரித்து வெட்டினேன். கூரைக்கு வெளியே நிற்கும் மிளகாயின் கீழ் இலையைத் திருப்பினால் அடிப்புறம் முழுக்க மண் புள்ளி. மழைத்துளி தெறிக்கும்போது பூஞ்சை வித்துகளும் சேர்ந்தே ஏறுகின்றன. செடியடியில் காய்ந்த லாலாங் புல்லைப் பரப்பினேன்.

டிசம்பர் 11

தைவானில் தலைமையகம் கொண்ட உலகக் காய்கறி மையம் மழைக்காலத் தக்காளிக்கு ஒரு வழி சொல்கிறது: கத்தரி வேரின்மேல் தக்காளியை ஒட்டுக்கட்டுவது. தக்காளி வேர் தாங்காத வெள்ளத்தைக் கத்தரி வேர் சில நாள் தாங்கும். இரண்டு நாற்றின் தண்டையும் ஒரே சாய்வில் சீவி, சிறு ரப்பர் குழாயில் பொருத்தி, ஈரமும் நிழலும் உள்ள மூலையில் வைத்தேன்.

டிசம்பர் 19

2006இல் இதே நாளில்தான் அந்தப் பேய்மழை எங்கள் ஜொகூரில் கொட்டியது. சிகாமட்டும் கோத்தா திங்கியும் மூழ்கின. மூச்சு விடுவதற்குள் 2007 ஜனவரியில் இரண்டாவது வெள்ளம். 2023இலோ மழைக்காலம் முடிகிறது என்று நினைத்த மார்ச் தொடக்கத்தில் சிகாமட்டும் பத்து பகாட்டும் தத்தளித்தன. அப்படிப்பட்ட வெள்ளத்துக்கு எந்தப் பாத்தியும் உயரம் போதாது. அதற்கென்று ஒரு தட்டு நாற்றை வீட்டுக்குள் அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 22

என் கூரையைப் பார்த்த நண்பர், தானும் தாள் வாங்கப் போவதாகச் சொன்னார். "முதலில் ஒரு மழை பெய்யட்டும். விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதை வடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்" என்றேன்.