தோணிப் பலகையும் மழைநீரும்

சித்தாண்டிப் பகுதியில் தோணி வெறும் பொழுதுபோக்கு அன்று. சந்தனமடு ஆற்றைக் கடந்து வயலுக்குப் போனவர்களை அது எத்தனையோ காலம் சுமந்திருக்கிறது. நட்டாற்றில் அதன் குறுக்குப் பலகை முறிந்தால் போவது பலகை மட்டுமன்று.

பலகையை உக்கச் செய்வது உப்புநீர் என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில், மரத்தை உக்க வைக்கும் பூஞ்சணத்திற்கு உகந்தது நன்னீரே. மாரியில் தோணிக்குள் தேங்கும் மழைநீர்தான் பலகையின் முதல் எதிரி.

வேலியோரத்துப் பூவரசு இதற்கேற்ற மரம். ஆயினும் வெளிறிய புறப்பகுதியை நீக்கி, கருஞ்சிவப்பான வைரத்தை மட்டுமே எடுத்தல் வேண்டும். அதை நிழலில் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். ஈரமரத்தின் மேல் பூசிய வர்ணம் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும்.

மரத்தின் நார்கள் நுண்குழாய்கள் போன்றவை. ஆதலால் பலகையின் முகத்தைவிட வெட்டுமுனைகளே அதிகம் நீர் குடிக்கும். அளவுக்கு அறுத்து, ஆணித் துளைகளையும் இட்ட பின்னரே பூச்சைத் தொடங்க வேண்டும். முனைகளுக்கும் துளைகளுக்கும் இருமுறை, மும்முறை பூச வேண்டும். தென்னிந்தியக் கரைகளில் இதற்கு முந்திரிக்கொட்டைக் கோதின் எண்ணெயைப் பயன்படுத்தி வந்தார்கள். அது தோலைப் பொசுக்கும், கையுறை அவசியம்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. அவற்றிலும் இயந்திரத்தைத் தாங்கும் பலகை பெரும்பாலும் மரமே. மேற்பூச்சின் பளபளப்பை நம்பாமல், ஆண்டுக்கொரு முறை அதன் முனைகளை ஊசியால் குத்திப் பார்ப்பது நல்லது.