ஊற்றண்டைக்குப் போனவர்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 2:19–22, எசேக்கியேல் 34:17–19



எரிகோ பட்டணத்து மனிதர் எலிசா தீர்க்கதரிசியினிடத்தில் வைத்த முறையீட்டைக் கவனித்திருக்கிறீர்களா? தங்கள் ஊரை அவர்கள் குறைத்துப் பேசவில்லை. குடியிருக்க ஏற்ற ஊர்தான் என்று முதலில் ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகே தண்ணீர் கெட்டிருப்பதைச் சொன்னார்கள். எரிகோ பேரீச்ச மரங்களின் பட்டணம் என்று வேதத்தில் வேறோரிடத்தில் வாசிக்கிறோம். வந்து போகிறவர் மரங்களைப் பார்த்துவிட்டுப் போவார். அங்கேயே குடியிருப்பவர் குடத்தைப் பார்க்கிறார்.

நம்முடைய கொடைக்கானலும் அப்படிப்பட்ட ஊரே. ஏரியையும் மூடுபனியையும் சோலைகளையும் காண ஜனங்கள் திரளாய் மலையேறி வருகிறார்கள். நாமோ, இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருமா, வந்தால் தெளிவாய் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இவ்வாரம் உங்களோடு அந்தக் குடத்தைக் குறித்தே தியானிக்க விரும்புகிறேன். ஆராதனைக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம் என்று எண்ணாதீர்கள். தீர்க்கதரிசி ஒருவர் தம் ஊழியத்தின் தொடக்கத்திலேயே கையிட்ட காரியங்களுள் ஒன்று, ஓர் ஊரின் குடிநீர்.

இந்த ஊர் தோன்றிய காரணத்தை நினைத்துப் பாருங்கள். சமவெளியின் வெயிலாலும் நோய்களாலும் வாடிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள், 1845-இல் இம்மலையின்மேல் சன்னிசைடு, ஷெல்டன் என்ற இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். சுகத்தைத் தேடி வந்தவர்களால் உண்டான ஊர் இது. 1863-இல் மதுரை ஆட்சியராயிருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் ஓடைக்குக் குறுக்கே கரை எழுப்பி ஏரியை உண்டாக்கினார். ஆயினும் நாம் குடிப்பது அந்த ஏரியின் நீரையன்று. பழைய அணை என்று நாம் சொல்லும் நீர்த்தேக்கமும், குண்டாறு பகுதியிலுள்ள மனோரஞ்சிதம் அணையுமே நகராட்சிக் குழாய்களுக்கு ஆதாரம். சோலையும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து, கோடையில் சிறுகச் சிறுகக் கசியவிடும் நீர் அது. ஆண்டவர் கொடுக்கும் இடத்தில் அது நல்லதாகவே இருக்கிறது. அங்கிருந்து நம் தம்ளருக்கு வந்து சேரும் வழியில்தான் ஆபத்து நேரிடுகிறது.

அந்த வழியைச் சற்று நடந்து பாருங்கள். மலைச்சரிவில் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்றாய் நிற்கின்றன. மேல்வீட்டின் கழிவுத்தொட்டி கீழ்வீட்டின் தலைக்கு மேலே இருக்கிறது. எத்தனையோ இடங்களில் குடிநீர்க் குழாய் சாக்கடையை ஒட்டியும், சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயும் ஓடுகிறது. முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில், நீர் நின்றபின் குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அப்பொழுது விரிசல் இருக்கும் இடத்தில் வெளியேயுள்ள அழுக்கு உள்ளே இழுக்கப்படுகிறது. அணையில் சுத்திகரித்து அனுப்பிய நீர் ஆயினும், தெருமுனையில் அது வேறு நீராகிவிடக்கூடும். இதனாலேயே, குளோரின் கலந்த நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் அளவாவது கடைசிக் குழாய் வரையில் எஞ்சியிருக்க வேண்டும் என்று நம் நாட்டுக் குடிநீர்த் தரவிதி கூறுகிறது. வழிநெடுகக் காவல்காரன் ஒருவன் கூடவே வரவேண்டும் என்பது அதன் கருத்து.

சபையாரின் வீடுகளுக்கு ஜெபிக்கச் செல்லும்போது கண்ட ஒரு காரியம் என் மனதை விட்டு நீங்கவில்லை. ஒரு தாய் எனக்கென்று கேன் தண்ணீரில் தேநீர் போட்டுத் தந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அவர்களுடைய சிறு மகளோ, குழாயில் பிடித்து வைத்த குடத்தில் தம்ளரை முக்கிக் குடித்தாள். அந்த மாதத்தில் அதே தெருவில் இரண்டு பிள்ளைகள் மஞ்சள் காமாலையினால் படுத்திருந்தார்கள். "கொதிக்க வைத்துக் கொடுக்கலாமே, அம்மா" என்றேன். "ஐயா, ஒரு சிலிண்டர் சமையலுக்கே மாசக் கடைசி வரைக்கும் வர்றதில்லை. இந்தக் குளிர்ல பிள்ளைங்க குளிக்கிறதுக்கும் அதுலதான் வெந்நீர் வைக்கணும்" என்றார்கள். போதகருக்கு ஒரு தண்ணீர், பிள்ளைக்கு ஒரு தண்ணீர். அந்தத் தேநீரை நான் குடித்தேன். மறுத்திருந்தால் அவர்கள் மனம் நொந்திருக்கும். தாவீது ராஜாவுக்காக மூன்று பராக்கிரமசாலிகள் பெத்லகேமின் கிணற்றிலிருந்து தங்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்த தண்ணீர் அன்று முழுதும் என் நினைவில் இருந்தது.

கொதிக்க வைத்தலைப் பற்றி, இம்மலையில் வாழ்கிற நாம் அறிய வேண்டியது ஒன்று உண்டு. கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலுள்ள நம் ஊரிலோ சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இங்கே பருப்பு வேக நேரமாவதைத் தாய்மார் அறிவீர்கள், காரணம் இதுவே. ஆகையால் குமிழி தோன்றியவுடன் அடுப்பை அணைத்துவிடாதீர்கள். சமவெளியில் ஒரு நிமிடம் போதும். 6,500 அடிக்கு மேலுள்ள இடங்களில் நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் மூன்று நிமிடம் விடவேண்டும் என்பது மருத்துவ நிபுணர் தரும் ஆலோசனை. பின்பு அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். கையை முக்காதபடி, நீண்ட பிடியுள்ள அகப்பையால் எடுங்கள்.

ஆனாலும் பிரியமானவர்களே, அடுப்பு கிருமியைக் கொல்லும், எல்லாவற்றையும் நீக்காது. மேல்மலைக் கிராமங்களின் தோட்டங்களிலிருந்து மழையோடு இறங்கும் பூச்சிமருந்து கொதிப்பதனால் போய்விடுவதில்லை. உலோகங்களும் போவதில்லை. இதை நம் ஊர் துயரத்தோடு கற்றுக்கொண்டது. ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வெப்பமானித் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு, 2001-இல் மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள ஒரு பழைய பொருள் கிடங்கில் டன் கணக்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு உடன்பாடு ஏற்பட 2016 வரை ஆயிற்று. ஏரி அந்த ஆலையின் மதிலுக்குள் இருக்கவில்லை. ஆயினும் 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, பேரிஜம், குக்கல் ஏரிகளைவிட நம் ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் பாதரசம் மிகுந்திருந்ததைக் காட்டியது. மலையின்மேல் ஒருவன் எறிவது அவன் எறிந்த இடத்தில் தங்குவதில்லை.

இங்கே எசேக்கியேலின் முப்பத்து நான்காம் அதிகாரம் நம்மைத் தொடுகிறது. மேய்ப்பர்களைக் கடிந்துகொண்டபின் ஆண்டவர் ஆடுகளிடமும் கணக்குக் கேட்கிறார். நல்ல நீரைத் தாங்கள் பருகிவிட்டு, பின்னால் வருகிற ஆடுகளின் பங்கைக் காலால் சேறாக்குகிறவர்களை அவர் விசாரிக்கிறார். பருகியது குற்றமென்று அங்கே சொல்லப்படவில்லை. தனக்குப் பின்னே ஒருவன் தாகத்தோடு வருகிறான் என்பதை மறந்ததே குற்றம்.

நாம் மேலே குடியிருக்கிறவர்கள். நமக்குப் பின்னே வருகிறவர்கள் கீழே இருக்கிறார்கள். பேரிஜம் ஏரியின் நீர் பெரியகுளத்து ஜனங்களின் குடிநீராகிறது. நம் ஏரி நிரம்பி வழியும் நீர், மலைச்சாலையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாய் விழுகிறது. அதன் முன்னே குடும்பங்கள் நின்று படமெடுக்கின்றன, சிலர் முகமும் கழுவுகிறார்கள். விடுதியின் கழிவைத் திருட்டுத்தனமாய் ஓடையில் திறந்துவிடுகிறவர், தம் குடும்பத்திற்கு மட்டும் கேன் தண்ணீர் வாங்குவாரானால், எசேக்கியேல் கண்ட ஆடு அவரே. கழிவுத்தொட்டி நிரம்பி வழிவதைக் கண்டும் மழைக்காலம் அடித்துக்கொண்டு போகட்டும் என்று காத்திருக்கும் வீட்டுக்காரரும் அவ்விதமே.

பணமுள்ளவர் கேனுக்குப் போய்விட்டால் குழாயைக் குறித்துப் பேச ஆளில்லாமற்போகிறது என்பதையும் சிந்தியுங்கள். ஊரில் குரலுள்ளவர்கள் எல்லாரும் குழாய்த் தண்ணீரைக் குடித்த காலத்தில், அது கலங்கலாய் வந்தால் அன்றைக்கே கேள்வி எழும்பிற்று. இன்று அதைக் குடிக்கிறவர்களின் குரல் மெலிந்தது. பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டுப்படுத்தி நம் மலையைக் காக்கும் முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். அவை நிலைக்க வேண்டுமானால், பயமின்றிக் குடிக்கத்தக்க பொதுக் குழாய் ஒன்று வேண்டும்.

சபை இதில் என்ன செய்யக்கூடும் என்று கேட்பீர்கள். லண்டன் மாநகரில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். 1854-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத இறுதியில், சோஹோ பகுதியில் காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் மடிந்தார்கள். பிராட் தெருவிலிருந்த அடிகுழாயின் நீரே காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்நோ கூறினார். செப்டம்பர் 8-ஆம் தேதி அதன் கைப்பிடி கழற்றப்பட்டது. அவ்வட்டாரத்துச் சபையின் உதவிக்குருவானவர் ஹென்றி ஒயிட்ஹெட் என்னும் இளைஞர். ஸ்நோவின் கருத்தை அவர் முதலில் நம்பவில்லை. அது தவறென்று காட்டவே வீடு வீடாய்ச் சென்று விசாரித்தார். சாவு நடந்த வீடுகள் அவருக்குத் தெரிந்த வீடுகள். ஆகையால் ஒரே வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார் என்று கேட்க முடிந்தது. முடிவில் அவருடைய விசாரணையே ஸ்நோவின் கூற்றை உறுதிப்படுத்திற்று. 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை நோயுற்றிருந்ததையும், அதன் துணிகளை அலசிய நீர் வீட்டு முன்பிருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டறிந்தவர் அவரே. இடிந்த செங்கற்களினூடே அந்தக் குழி கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

ஒயிட்ஹெட்டுக்கு மருத்துவப் பட்டம் இல்லை. ஜனங்களின் வாசற்படிகளை அவர் அறிந்திருந்தார். தாம் எண்ணியதற்கு மாறாக உண்மை நின்றபோது உண்மையின் பக்கம் வந்தார். இவ்விரண்டும் சபையால் கொடுக்கக்கூடியவை. எந்தத் தெருவில் எத்தனை பிள்ளைகள் வயிற்றுப்போக்கால் படுத்திருக்கிறார்கள் என்பதை, எந்த அலுவலகப் பதிவேட்டையும் விட நம் பெண்கள் ஐக்கியம் முந்தி அறியும்.

இப்பொழுது மறுபடியும் எரிகோவுக்கு வருவோம். எலிசா வீட்டுக்கு வீடு போய்க் குடங்களைச் சுத்தப்படுத்தவில்லை. ஊற்றண்டைக்குப் போனார். வெறுங்கையோடும் போகவில்லை. ஒரு புதுத் தோண்டியையும் அதில் உப்பையும் அந்த ஊராரே கொண்டுவரும்படி கேட்டார். குணமாக்கினவர் கர்த்தர், ஆயினும் உப்பு எரிகோவின் அடுக்களைகளிலிருந்து வந்தது. எவர் வீட்டிலும் இருக்கும் ஒரு பிடி உப்பு.

நம் கையிலுள்ள உப்பு எது? இவ்வாரத்தில் செய்யத்தக்க சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, உங்கள் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து பாருங்கள். கடைசியாய் எப்பொழுது கழுவினீர்கள் என்று வீட்டாரைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் இந்தச் சனிக்கிழமையே கழுவுங்கள்.

இரண்டாவது, உங்கள் கழிவுத்தொட்டி எங்கே வடிகிறது என்பதை நடந்துபோய்க் கண்ணால் பாருங்கள். கீழ்வீட்டுக்காரர் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, நீரைச் சோதியுங்கள். மலக்கிருமி இருந்தால் கறுத்துப்போகும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பிகள் உண்டு. நீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். நம் குளிரில் அது தாமதமாகும். ஆகையால் அடுப்பங்கரையின் வெதுவெதுப்பில் வையுங்கள். கறுத்தால், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் முறையாய்ச் சோதித்து, அறிக்கையோடு நகராட்சிக்கு மனு கொடுப்போம். கோபத்தோடு போகிற பத்துப் பேரைவிட, தேதியும் தெருவும் எழுதிய ஒரு தாளுக்கு அதிகப் பயன் உண்டு.

நான்காவது, சிலிண்டர் போதாத வீடுகளை நினைவுகூருங்கள். குளோரின் மாத்திரை, மூடியுள்ள பாத்திரம், முடிந்தால் ஒரு வடிகட்டி ஆகியவற்றை வாங்கிக் கொடுக்க மனமுள்ளவர்கள் ஆராதனை முடிந்தபின் என்னைச் சந்தியுங்கள். பெறுகிறவர்களின் பெயர் சபையில் வாசிக்கப்படமாட்டாது.

ஒரு சிறியவனுக்குக் கொடுக்கப்படும் ஒரு கலசம் குளிர்ந்த தண்ணீரும் பலனற்றுப்போகாது என்று நம் ஆண்டவர் போதித்தார். அந்தத் தண்ணீர் பிள்ளையைப் படுக்கையில் தள்ளாத தண்ணீராய் இருக்க வேண்டும் என்பதும் அந்தப் போதனைக்குள் அடங்கியதே.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, மலைகளிலிருந்து ஊற்றுகளைப் புறப்படப்பண்ணுகிறவரே, நீர் தந்த நல்ல தண்ணீருக்காக உம்மைத் துதிக்கிறோம். வியாதிப்பட்ட பிள்ளைகளைத் தொட்டு சுகப்படுத்தும். குழாய்களையும் அணைகளையும் காக்கும் ஊழியர்களுக்கு உண்மையையும் பெலத்தையும் தாரும். எங்களுக்குக் கீழே குடிக்கிறவர்களை மறவாத இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் உப்பை ஏற்றுக்கொண்டு, எங்கள் ஊரின் ஊற்றைக் குணமாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.